மலை ஏரிக்கு ஒரு பகல்: திட்டமிடக் கற்பிக்கும் பாடம்

வகுப்பு: 8, 9
இணையும் பாடங்கள்: கணக்கு, சமூக அறிவியல், அறிவியல், தமிழ்
நேரம்: ஐந்து பாடவேளைகள், ஒரு காலை நடை
தேவையானவை: நிலவரைபட நூல், வரைபடத் தாள், அளவுநாடா, கடிகாரம், எடைக்கருவி



சுற்றுலா என்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள். பேருந்து பேசுவது, பணம் வசூலிப்பது, சோறு கட்டுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்காருவதோடு சரி. பயணத்தில் உள்ள கற்றலில் பெரும்பகுதி திட்டமிடலில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை அவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பதே இந்தப் பாடம்.

அச்சங்குளம், சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கரிசல் காடும் கண்மாயும் பட்டாசு ஆலையும் சூழ்ந்த ஊர்கள் இவை. வானம் தெளிந்த நாளில் மேற்கே மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். அதைவிட மிகவும் உயரத்தில் இருக்கும் ஓர் ஏரிக்குக் காலையில் ஏறி மாலைக்குள் இறங்க வேண்டும் என்றால் என்னென்ன யோசிக்க வேண்டும்? இதுதான் வகுப்பில் வைக்கப்போகும் கேள்வி.

போகப்போவதில்லையே, பிறகு ஏன் திட்டம் என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்வி. வேகம், சாய்வு, சராசரி, வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். அவை அனைத்தும் ஒரே நாளில், ஒரே உடம்பின் மீது சேர்ந்து விழும் இடம் மலைப்பாதை. அங்கே விடை தவறினால் மதிப்பெண் குறைவதோடு முடியாது, இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

முதல் பாடவேளை: இரண்டு குளங்கள்

நம் கண்மாய் எப்படி உருவானது என்று கேட்டுத் தொடங்கலாம். சரிவான நிலத்தில் ஓடிவரும் மழைநீரை மண்கரை போட்டு மறித்தார்கள் நம் முன்னோர். மடை, கலுங்கு, கரை எல்லாம் மனிதர் செய்தவை.

மலை உச்சிகளை ஒட்டிய ஏரிகள் பலவும் வேறு விதத்தில் பிறந்தவை. பனியாறு மெல்ல நகரும்போது அடியிலுள்ள பாறையைக் குடைந்து பள்ளமாக்குகிறது. அடித்துவந்த கல்லையும் மண்ணையும் ஓரிடத்தில் குவித்து அணைபோலவும் ஆக்குகிறது. பின்னர் பனி உருகிய நீர் அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது. தமிழ்நாட்டில் பனியாறு இல்லாததால் இத்தகைய ஏரியும் இல்லை. கொடைக்கானல் ஏரிகூட 19ஆம் நூற்றாண்டில் அணைகட்டி உருவாக்கப்பட்டதுதான். எனவே பாடத்துக்கான ஏரியை இமயத்தில்தான் தேட வேண்டும்.

உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள ஹேம்குண்ட் இதற்கு மிகவும் பொருந்துகிறது. ஏழு சிகரங்கள் சூழ்ந்த அந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. கரையில் சீக்கியர்களின் குருத்துவாராவும் இலட்சுமணர் கோயிலும் உள்ளன. பெயருக்குப் பனிக்குளம் என்று பொருள் சொல்வார்கள். நம் ஊரும் அச்சங்குளம், அதுவும் பனிக்குளம் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அந்த ஏரி உடனே நெருக்கமாகிவிடும்.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அங்கே இரவில் தங்க அனுமதி கிடையாது. பிற்பகல் 2 மணிக்குள் ஏரியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே அது கட்டாயமாகவே ஒரு பகல் பயணம்.

இரண்டாம் பாடவேளை: பாதையைத் தாளில் ஏற்றுதல்

பயணம் அலக்நந்தா ஆற்றங்கரையில் உள்ள கோவிந்த்காட்டில் தொடங்குகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கிருந்து காங்கரியா என்னும் சிற்றூருக்கு ஏறத்தாழ 13 கி.மீ. அதன் உயரம் ஏறத்தாழ 3,050 மீட்டர். இப்போது முதல் சில கிலோமீட்டரை வாகனத்திலேயே கடந்துவிடலாம். காங்கரியாவில் இரவு தங்கி, மறுநாள் காலை ஏரிக்கு ஏறுகிறார்கள். அந்தத் தூரம் ஏறத்தாழ 6 கி.மீ. ஏரியின் உயரத்தை வகுப்புக் கணக்குக்காக 4,150 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த மூன்று புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறிக்கச் செய்யுங்கள். கிடை அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ.; செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 200 மீ. புள்ளிகளை இணைத்ததும், இரண்டாம் பகுதிக் கோடு நெட்டுக்குத்தாக எழுவதைப் பார்ப்பார்கள். இரண்டு அச்சுகளுக்கும் அளவுத்திட்டம் வேறு என்பதால் படத்தில் சரிவு மிகையாகத் தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

பிறகு சாய்வைக் கணக்கிடட்டும்.

முதல் பகுதி: 1,250 ÷ 13,000 = 9.6 விழுக்காடு
இரண்டாம் பகுதி: 1,100 ÷ 6,000 = 18.3 விழுக்காடு

அதாவது இரண்டாம் நாள் பாதை ஏறத்தாழ இரு மடங்கு செங்குத்து. 1,100 மீட்டர் ஏற்றம் என்பதை வெறும் எண்ணாக விட்டுவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 59 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை கோபுரம் அடுக்க வேண்டும்? ஏறத்தாழ பத்தொன்பது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் எத்தனை மாடிப்படிகள்? ஏறத்தாழ 367. இந்த இரண்டு விடைகளையும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

மூன்றாம் பாடவேளை: எத்தனை மணி நேரம்?

6 கி.மீ. தானே, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதே பெரும்பாலோர் சொல்லும் முதல் விடை. அந்த விடையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். இன்றைய அளவுகளில் அது இவ்வாறு வழங்குகிறது: ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம்.

தூரத்துக்கு: 6 ÷ 5 = 1.2 மணி = 72 நிமிடம்
ஏற்றத்துக்கு: 1,100 ÷ 600 மணி = 110 நிமிடம்
மொத்தம்: 182 நிமிடம், அதாவது 3 மணிக்குச் சற்று மேல்

கரும்பலகை ஓரத்தில் இருக்கும் ஒன்றரை மணியோடு இதை ஒப்பிடச் சொல்லுங்கள். தூரத்தைவிட ஏற்றமே அதிக நேரம் கேட்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் இது நல்ல உடல்திறன் உள்ள பெரியவருக்கான கணக்கு. காற்று மெலிந்த உயரம், இளைப்பாறல், தண்ணீர் குடிக்க நிற்பது, கூட்டமாக நடப்பது எல்லாம் இதில் இல்லை. ஒன்றரை மடங்காக்கினால் 273 நிமிடம், அதாவது 4 மணி 33 நிமிடம். காலை 5.30க்குப் புறப்பட்டால் 10.03க்கு ஏரி. அங்கே ஒரு மணி நேரம். இறங்க 3 மணி நேரம் என்றால் பிற்பகல் 2.03க்குக் காங்கரியா. மலையில் பிற்பகலில் மேகம் கூடி மழை இறங்குவது வழக்கம் என்பதால் 3 மணிக்குள் திரும்பிவிடுவதை இலக்காக வைப்போம். கையிருப்பு நேரம் ஒரு மணிக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவுதான்.

இங்கே புள்ளியியலும் வருகிறது. ஐந்து பேர் ஒரு கிலோமீட்டர் நடக்க எடுத்துக்கொண்ட நேரம் 12, 13, 13, 14, 18 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச்சராசரி 14. இடைநிலை 13. முகடும் 13. திட்டத்துக்கு எந்த எண்ணை எடுப்பது?

மூன்றுமே உதவாது. எடுக்க வேண்டிய எண் 18. குழு பிரியாமல் நடக்க வேண்டும் என்றால் கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம். சராசரி எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இதில் வகுப்பறைப் பண்பாடும் இருக்கிறது. மெதுவாக நடப்பவரைக் குழுவின் சுமையாகப் பார்க்காமல், திட்டத்தின் அடிப்படை அளவாகப் பார்க்கப் பழகுகிறார்கள். கால் ஊனமுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் அவர் வேகத்தை வைத்தே கணக்கிட்டு, அந்தத் திட்டத்துக்கு எந்தத் தூரம், எந்த ஏரி, எந்த ஊர்தி பொருந்தும் என்று குழுக்கள் யோசிக்கட்டும்.

நான்காம் பாடவேளை: உடம்பும் பையும்

கடல்மட்டக் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் 4,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான் உண்டு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. மலையில் ஆக்சிஜன் விழுக்காடு குறைந்துவிடும் என்று தவறாகப் புரிந்துகொள்வோர் பலர் என்பதால் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டாலோ கூடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும், ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஒரு நாள் காங்கரியாவில் தங்கி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடல் பழக நேரம் கேட்கிறது.

வெப்பநிலை 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் நம் ஊரில் 35 டிகிரி என்றால், 4,000 மீட்டர் மேலே போனால்? 26 டிகிரி குறைந்து 9 டிகிரி. இது சராசரிக் கணக்குதான். வடக்கே போவதாலும் காற்றாலும் மழையாலும் குளிர் இன்னும் கூடும். நனைந்த பருத்தித் துணி உடல் வெப்பத்தை இழுத்துவிடும் என்பதால் மழை மேலாடையும் மாற்றுத்துணியும் பையில் இருக்க வேண்டும்.

பையின் எடைக்கும் கணக்கு உண்டு. பள்ளிப்பை குறித்த 2020ஆம் ஆண்டுக் கொள்கை உடல் எடையில் 10 விழுக்காட்டை வரம்பாகச் சொல்கிறது. அதே வரம்பை இங்கும் வைப்போம். 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு 4 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் என்றால் 2 கிலோ போய்விட்டது. மிச்சமுள்ள 2 கிலோவில் உணவு, மேலாடை, கைவிளக்கு, விசில், முதலுதவிப் பொருள்கள் எல்லாம் அடங்க வேண்டும். கடலைமிட்டாய், வறுகடலை, பேரீச்சை, சாத்தூர்ச் சேவு என்று பட்டியல் நீளும். சேவு தாகம் எடுக்க வைக்காதா என்று ஒரு குழு எதிர்க்கும். எடைக்கருவியை நடுவில் வைத்துவிட்டு விவாதத்தை அவர்களிடமே விட்டுவிடலாம்.

ஐந்தாம் பாடவேளை: நிறுத்தும் விதிகள்

பாடத்தின் மையம் இதுதான். எந்த நிலையில் திரும்பிவிடுவோம் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி, குழுவில் எல்லோரும் கையொப்பமிட வேண்டும்.

1. பகல் 12 மணிக்குள் ஏரியை அடையாவிட்டால், எங்கே இருந்தாலும் திரும்புவோம்.
2. ஒருவருக்கு உயர நோயின் அறிகுறி தெரிந்தாலும் ஏற்றத்தை நிறுத்துவோம். அவரைத் தனியே விடமாட்டோம்.
3. மின்னல், கனமழை, பாதையில் மண்சரிவு, ஓடையில் நீர்வரத்து எது வந்தாலும் திரும்புவோம்.
4. ‘போதும்’ என்று யார் சொன்னாலும் குழு நின்று கேட்கும். சிறியவர் சொன்னாலும்தான்.

பிறகு இந்த நிலையைக் கொடுங்கள்: மணி 11.50. ஏரிக்கு இன்னும் அரைமணி நேர நடை. வானம் தெளிவாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். என்ன செய்வீர்கள்?

வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். 12 மணி என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று மூன்றாம் பாடவேளைக் கணக்குக்குத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 12 மணிக்குத் திரும்பினால்தான் இறங்கும் மூன்று மணி நேரத்தோடு 3 மணிக்குக் கீழே வந்து சேர முடியும். கால் வலிக்கும்போது, ஏரி கிட்டத்தில் இருக்கும்போது, நண்பர்கள் ‘வா வா’ என்னும்போது எடுக்கும் முடிவைவிட, காலையில் நிதானமாக எழுதிய முடிவு பாதுகாப்பானது. 1996 மே 10, 11 தேதிகளில் எவரெஸ்டில் வீசிய புயலில் எட்டு மலையேறிகள் உயிரிழந்தனர். திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது அன்றைய இழப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

நம் பக்கத்திலும் பாடம் உண்டு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல், கோடைத் தொடக்கம், சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும் தீ என அறிவியல் பாடத்தில் வரும் அத்தனையும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. தாணிப்பாறை ஓடைகளில் நீர்வரத்துக் கூடினால் சதுரகிரிப் பாதையில் வனத்துறை அனுமதியை நிறுத்துவதும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்ததே.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளில் அந்த நாளோ, அதுபோன்ற வேறொரு நாளோ இன்னும் முடிந்திருக்காது. ஆகவே அதை எடுத்துக்காட்டாக நாம் எடுத்து வைக்க வேண்டாம். ஆனால் பேச்சு அங்கே போகக்கூடும். ‘எங்க அம்மா வேலை செய்யற பயர் ஆபீஸ்லயும் இப்படி விதி இருக்கு சார், ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான், மருந்து இவ்வளவுதான்’ என்று ஒரு குரல் வரலாம். அப்போது பேச்சை மாற்றாதீர்கள். கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு கலவை, உராய்வு வராமல் எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் நிறுத்தும் விதிகள்தாம். அவசரமும் வருமானமும் அழுத்தும்போது அவற்றைக் காப்பது கடினம் என்பதையும் அந்தப் பிள்ளை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கும். அதைத் தாய் தகப்பனின் கவனக்குறைவாகப் பேசிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. விதியைக் காப்பது வேலை கொடுப்பவரின் கடமையும் கண்காணிப்பவரின் கடமையும்கூட. மனம் கலங்கும் மாணவர் இருந்தால் பாடத்தை அன்றைக்கு அங்கேயே நிறுத்தலாம். நான்காம் விதி நமக்கும் பொருந்தும்.

தமிழ்ப் பயிற்சி: விட்டுச் செல்லும் கடிதம்

மலைக்குப் போகிறவர் கீழே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டிய குறிப்பை ஒவ்வொரு குழுவும் எழுதட்டும். யார் யார் போகிறோம், எந்தப் பாதை, எப்போது புறப்பாடு, எப்போது திரும்புவோம், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் (அவசர உதவி எண் 112) ஆகிய ஐந்தும் பத்து வரிக்குள் அடங்க வேண்டும். அடைமொழி வேண்டாம். படிப்பவர் பதற்றத்தில் இருக்கும்போது படிக்கப்போகும் கடிதம் இது என்று சொன்னால் நடை தானே தெளிவாகும். வேறொரு குழுவிடம் கொடுத்து, ஐந்து செய்திகளும் கிடைக்கின்றனவா என்று சரிபார்க்கச் செய்யுங்கள்.

காலை நடை: கண்மாய்க்கரை

தாளில் போட்ட கணக்கைக் காலால் சோதிக்கக் கண்மாய்க்கரையே போதும். அளவுநாடாவால் 500 மீட்டர் அளந்து, போய்வர ஒரு கிலோமீட்டர் ஆக்குங்கள். ஒவ்வொருவரின் நேரத்தையும், நடப்பதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பையும் குறிக்கட்டும். அடுத்து 4 கிலோ பையுடன் அதே தூரம். வேகம் எவ்வளவு குறைந்தது? குழுவின் ‘18 நிமிடம்’ யாருடையது? அந்த எண்ணை வைத்து மூன்றாம் பாடவேளைத் திட்டத்தைத் திருத்தட்டும்.

தலைமையாசிரியர், பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு ஆகியோரின் ஒப்புதல் வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். யாரும் நீரில் இறங்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளங்களின் ஆழம் வெளியே தெரியாது. செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரப் பகுதிகளுக்குப் போக விரும்பினால், அது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த வட்டாரம் என்பதால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் செல்லக் கூடாது.

மதிப்பீடு

ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தை ஒரே தாளில் காட்சிப்படுத்தட்டும். பார்க்க வேண்டியவை: சாய்வும் நேரமும் சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளனவா? மெதுவாக நடப்பவரின் வேகம் எடுக்கப்பட்டுள்ளதா? கையிருப்பு நேரம் உண்டா? பையின் எடை வரம்புக்குள் இருக்கிறதா? நிறுத்தும் விதிகளில் நேரமும் அறிகுறியும் தெளிவாக உள்ளனவா, அல்லது ‘கவனமாக இருப்போம்’ என்று பொதுவாக எழுதியிருக்கிறார்களா? ‘கவனமாக இருப்போம்’ என்பதற்கு மதிப்பெண் இல்லை; எப்போது நிற்போம் என்று எழுதியதற்கு உண்டு.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் தன் கற்பனைப் பயணத்தின் நாட்குறிப்பை எழுதும். பெரும்பாலான குழுக்கள் ஏரியைப் பார்த்துவிட்டு வரும். ஏதேனும் ஒரு குழு, ‘12 மணி ஆகிவிட்டது, ஏரியைப் பார்க்கவில்லை, எல்லோரும் 3 மணிக்குள் கீழே வந்து சேர்ந்தோம்’ என்று எழுதினால், அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஏன் கொடுத்தீர்கள் என்பதையும் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.